இரசிகனின் உரிமையும் பாடகனின் கடமையும்

ஒரு கலைஞனை நேசிப்பவனுக்கு அக்கலைஞன்மீது உரிமை ஏதும் உண்டா? உண்டெனின் அவ்வுரிமையின் எல்லை யாது? அழகியலுக்குரியதெனத் தோன்றும் இவ்வினா உண்மையில் அறவியலைச் சார்ந்ததாகும். நெடுங்காலம் இசைத்தட்டுகளின் வாயிலாக மட்டுமே கேட்டுவந்த முதிய பாடகரொருவரை மேடையில் நேரிற் காணச் செல்லும் இரசிகனின் நிலையில் இவ்வினா மிகக் கூர்மையடைகின்றது. இருபது வயதிற் கேட்ட பாடலை அறுபது வயதில் அதே குரலில், அதே மெட்டிற் கேட்க அவன் விழைகின்றான். பாடகருக்கோ எண்பது வயதாகிவிட்டது. குரல் மாறிவிட்டது, மெட்டையும் அவரே மாற்றிவிடுகின்றார். தான் வஞ்சிக்கப்பட்டதாகக் கருதியபடி இரசிகன் வீடு திரும்புகின்றான். அவனது முறைப்பாடு நியாயமானதா?

இதனை ஆராய்வதற்கு அமெரிக்கப் பாடகர் பொப் டிலனின் மேடை வாழ்வு சிறந்ததோர் உதாரணமாகும். 1941இற் பிறந்த டிலன், 1960களின் தொடக்கத்தில் சாதாரணக் கிற்றாருடனும் வாயிசைக் கருவியுடனும் தனித்து நின்று பாடி, நாட்டார் இசை இயக்கத்தின் குரலாக மதிக்கப்பட்டவர். 1965 யூலையில் நியூபோட் நாட்டார் இசை விழாவில் அவர் மின் கிற்றாருடனும் வாத்தியக் குழுவுடனும் தோன்றியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். ஒலியமைப்பின் குறைபாடும் அதற்கொரு காரணம் என்பாருமுளர். எனினும் அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்ததைப் பற்றி அவ்வாறு ஐயுறுவதற்கில்லை. 1966 மே 17ஆந் திகதி மஞ்செஸ்ரர் நகரில் நிகழ்ச்சியின் முதற் பாதியைத் தனித்துப் பாடிய டிலன், பிற்பாதியில் றொக் குழுவுடன் மேடையேறினார். அவையிலிருந்து ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என விளித்தார். கிறிஸ்தவ மரபில் அதனினும் கொடிய வசைச்சொல் வேறில்லை. டிலன் அவரைப் பொய்யர் எனச் சாடி, குழுவினரை உரக்க வாசிக்குமாறு பணித்துத் தம் இறுதிப் பாடலைத் தொடங்கினார்.

‘யூதாஸ்’ என்ற சொல் ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. பிடிக்காத பாடலைக் கேட்டவர் ‘நன்றாக இல்லை’ என்று கூறுவர்; காட்டிக்கொடுத்தவன் என்று கூறார். எங்கு வாக்குறுதி உண்டோ அங்குதான் துரோகமும் உண்டு. ஆயின் டிலன் அளித்த வாக்குறுதி யாது?

இரசிகர் தரப்பு வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாடகரின் புகழும் செல்வமும் கேட்போர் அளித்தவை. மேலும், ஒரு பாடல் வெளிவந்தபின் அது பாடியவருக்கு மட்டும் உரியதன்று. காதலித்த காலத்திலும் தாயைப் புதைத்துவிட்டு வந்த இரவிலும் அதனைக் கேட்டவர்கள் தம் வாழ்வைக் கொண்டு அதற்குப் பொருள் ஊட்டியுள்ளனர். அத்தகைய பாடலை அடையாளந் தெரியாதவாறு பாடுவது, பலர் சேர்ந்து கட்டிய வீட்டை ஒருவர் இடிப்பதற்கு ஒப்பாகும் என அவர்கள் கூறலாம். சேமித்த பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கித் தொலைவிலிருந்து வந்த தொழிலாளியிடம் ‘கலைஞன் சுதந்திரமானவன்’ என்று மட்டும் கூறிவிடுதல் அகந்தையேயாகும்.

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு வழு உண்டு. பாடலுக்குப் பொருள் ஊட்டியவர்கள் பாடலில் உரிமை கோரலாம். அதிலிருந்து பாடியவரின் மீது உரிமை கோருதல் பொருந்தாது. பழைய இசைத்தட்டு அழிந்துவிடவில்லை. தாயை இழந்த இரவின் பாடல் அதில் அப்படியே உள்ளது. மேடையில் நிற்பவரோ இசைத்தட்டன்று. அவ்விரசிகனைப் போலவே தாமும் முதுமையடைந்த மனிதர். தன்னைக் கடந்துபோன இளமையை இன்னொருவர் தம் தொண்டையிற் சுமந்து வந்து ஒப்படைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது அவரை வெறுங் கருவியாகக் கொள்வதாகும். மனிதரை ஒருபோதும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் கோட்பாடு, நேசிக்கப்படும் மனிதருக்கும் பொருந்தும். நேசத்தின் பெயரால் அதனை மீறுவது எளிதாதலின் அவர்களுக்கே அது பெரிதும் வேண்டப்படுகின்றது.

வரலாறும் இவ்விடத்தில் ஒரு பாடம் புகட்டுகின்றது. மஞ்செஸ்ரரில் டிலன் இறுதியாகப் பாடிய ‘லைக் எ ரோலிங் ஸ்ரோன்’, அன்று துரோகத்தின் சின்னமாகக் கேட்கப்பட்ட மின்னிசைப் பாடலாகும். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 1998இல் முறையாக வெளியிடப்பட்டபோது அரிய பொக்கிஷமெனக் கொண்டாடப்பட்டது. பிற்கால இரசிகர் பலர் முதிய டிலனிடம் எதிர்பார்த்ததும் அத்தகைய பாடல்களை, அவற்றின் பழைய வடிவிலேயே. ஒரு தலைமுறை துரோகம் என்றதை மறு தலைமுறை மூலவடிவம் என்கின்றது. 1966இல் டிலன் அவையினருக்குப் பணிந்திருப்பாராயின், பின்வந்தோர் காக்கத் துடிக்கும் அப்பழமை தோன்றியே இராது.

எனினும் மாற்றம் அனைத்தும் நேர்மையானது எனக் கொள்வதும் தவறாகும். சோம்பலும் அலட்சியமும் ‘புதுமை’ என்ற போர்வையில் மறைந்துகொள்ளலாம். கர்நாடக இசை மரபில் நேற்றைய ஆலாபனையையே இன்றும் ஒப்புவிக்கும் வித்துவானை மனோதர்மம் குன்றியவர் என்பர். ஆனால் கீர்த்தனையின் சாகித்தியத்தைச் சிதைப்பவரையும் அம்மரபு மன்னிப்பதில்லை. சுதந்திரமும் பொறுப்பும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

இவ்விடத்தில் கனேடியப் பாடகர் லெனாட் கோஹனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1934இற் பிறந்த அவர், தம் சேமிப்பு முகாமையாளராற் கையாடப்பட்டமை தெரியவந்தபின், 2008இல் எழுபத்து மூன்றாவது வயதில் மீண்டும் மேடையேறினார். 2013 வரை உலகின் பல நகரங்களிற் பாடினார். பணத்தேவையாலேயே அவர் திரும்பிவந்தார் என்பது வெளிப்படை. ஆயினும் ஏறத்தாழ மூன்று மணிநேரம் பாடினார், முழந்தாளிட்டுப் பாடினார், தொப்பியைக் கழற்றித் தம் குழுவினருக்கும் அவையினருக்கும் வணங்கினார். பழைய பாடல்களைப் பெரும்பாலும் கேட்போர் அறிந்த அமைப்பிற்கு அண்மையாகவே பாடினார். குரல் மட்டும் மிகவும் ஆழ்ந்து தாழ்ந்திருந்தது. அவர் இரசிகருக்கு அடிமைப்பட்டார் என எவரும் கூறார்.

டிலனின் பாதை வேறு. 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பழைய பாடல்களுள் ஒன்றையேனும் பாடாது புதிய சமயப் பாடல்களையே பாடினார். 1988 முதல் ஆண்டுதோறும் பெருமளவு நிகழ்ச்சிகளை நடத்தி, பழைய பாடல்களை மெட்டு மாற்றிப் பாடிவந்தார். 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற பின்னரும் அப்பழக்கம் மாறவில்லை. 2021இல் எண்பது வயதில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் முந்திய ஆண்டு வெளியான இசைத்தொகுதியின் பாடல்களே பெரும்பகுதியாயின. 2022இல் பிரித்தானியாவில் நடந்த நிகழ்ச்சிகளில் அவையினரின் கைத்தொலைபேசிகள் பூட்டிய பைகளில் இடப்பட்டன. அம்மாலைப்பொழுதைச் சேமித்து வைக்க வழியில்லை. இருந்து கேட்பது ஒன்றே வழி.

ஒருவர் பழையதைப் பேணினார், மற்றவர் மாற்றினார். எனவே பேணுதலோ மாற்றுதலோ அறத்தின் அளவுகோல் ஆகாது. முன்னே அமர்ந்திருப்போரை நோக்கி, அன்றைய தம் முழு ஆற்றலோடு பாடகர் பாடுகின்றாரா என்பதே அளவுகோல். நுழைவுச்சீட்டு வாங்கித் தரும் உரிமை அதுவே. அது சிறிய உரிமையன்று. தொலைவிலிருந்து வந்த தொழிலாளி அதனைப் பெறாது திரும்புவானாயின் அவனது முறைப்பாடு நியாயமானதே. தன் இருபதாவது வயதைப் பெறாது திரும்பினான் எனின் அதற்குப் பாடகர் பொறுப்பாளியல்லர்.

கேட்போனுக்கும் ஒரு கடமை உண்டு. மேடையில் நிற்பவரைத் தன் நினைவிலுள்ள உருவத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பதற்கு முன், அவர் இப்போது என்ன பாடுகின்றார் என்று செவிசாய்த்தலே அக்கடமை. வெளியூரிலிருந்து பல்லாண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் மகனிடம், புறப்பட்ட நாளின் முகத்தையே தேடும் தாயின் அன்பு உண்மையானதே. ஆயினும் வந்திருப்பவனை அவள் உள்ளே அழைக்க வேண்டும். அவன் வாசலில் நிற்கின்றான்.