புது உத்தியோகமும் மனச்சாட்சியும்

"மூண்டு மாசந்தானே ஆகுது, கொஞ்சம் பொறு மோனே."

புது உத்தியோகத்துக்குப் போன பிள்ளை முகம் வாடி வந்து, இந்த வேலை எனக்குச் சரிவராது என்று சொல்லும்போது எங்கள் தாய்மாரின் வாயில் முதலில் வரும் பதில் இதுதான். அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகன் உயர்தரம் முடித்து, இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டுக் களைத்தபின், கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். கிழமைக்கு ஒருமுறை கிராமங்களுக்குப் போய், பெண்களுக்குக் குழுவாகக் கொடுத்த கடனின் தவணைக்காசைச் சேர்த்து வருவது அவன் வேலை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் அவளுக்காகக் கட்டவேண்டும். கட்டும்வரை அந்த முற்றத்தை விட்டு எழும்பக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை.

"நான் படலையைத் திறக்கச் சின்னப் பிள்ளைகள் உள்ளுக்கு ஓடுதுகள், அம்மா" என்றான்.

தாய் விடவில்லை. தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கென்று லீசிங்கில் எடுத்த மோட்டார்ச் சைக்கிள் முற்றத்தில் நிற்கின்றது. "நீங்களாவது சொல்லுங்கோ" என்று என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆனால் ஒருவர் நினைவுக்கு வந்தார். இதே யாழ்ப்பாணத்தில் நூறு வருடங்களுக்கு முன்பே, புது உத்தியோகம் ஒன்றில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு அல்லாடியவர். அவர் எம்மவரல்லர்; கிறிஸ்தவருமல்லர். யூதக் குடும்பத்தில் பிறந்து, எந்தச் சமயத்தையும் நம்பாமல் வாழ்ந்த ஆங்கிலேயர். பெயர் லெனாட் வூல்ஃப்.

அவருடைய வீட்டு நிலைமை எங்கள் வீடுகளுக்கு அந்நியமானதன்று. தகப்பன் 1892இல் இறந்தபோது தாயின் கையில் ஒன்பது பிள்ளைகள். லெனாட் கேம்பிறிட்ஜில் படித்துக் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தாலும், அரசாங்கச் சேவைப் பரீட்சையில் மேலிடங்களில் வரவில்லை. ஆகையால் கிடைத்தது இலங்கை உத்தியோகம். 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 24 வயதில், யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அப்போது கொழும்பிலிருந்து இங்கே முழுத்தூரமும் ரயில் ஓடத் தொடங்கவில்லை. கோட்டைக் கொத்தளத்தின்மேல் இருந்த பங்களாவில் வாசம். பின்னேரங்களில் வெள்ளைக்காரர் நாலைந்து பேரோடு ரெனிஸ். அதன்பின் ஒரே வம்பளப்பு. வெயிலும் தனிமையும் அவரை வாட்டி எடுத்தன. தம் சிநேகிதன் லிற்றன் ஸ்ற்றேச்சிக்கு எழுதிய கடிதங்களில், வாழ்வே வெறுத்துவிட்டது என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வருகின்றது.

அந்த நாட்களில் யாராவது அவர் தோளைத் தட்டி, "நீ பிழையான வேலைக்கு வந்துவிட்டாய், கப்பலேறு" என்று சொல்லியிருந்தால் ஏறியிருக்கவும் கூடும். எதற்காக? வெயிலுக்காகவும் தனிமைக்காகவுமே. தம்முடைய உத்தியோகம் யாழ்ப்பாணத்தாருக்கு என்ன செய்கின்றது என்பது அப்போது அவர் கண்ணில் படவேயில்லை. தாம் அக்காலத்தில் ஏகாதிபத்தியத்தைப் பற்றிச் சிந்தியாத ஏகாதிபத்தியவாதியாகவே இருந்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவர் போகவில்லை. தமிழ் படித்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில், பல்லாயிரம் பேர் கூடிய அந்த மணற்பட்டினத்தில், நித்திரை முழித்து வேலை செய்தார். அதை விரும்பியும் செய்தார். வேலையில் மகா கண்டிப்பு. வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போகவேண்டும் என்று பிடிவாதம். (கச்சேரி லிகிதர்கள் அவரை எவ்வளவு நேசித்திருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.) வேலை கைக்கு வந்தது, அதில் ஒரு சந்தோஷமும் வந்தது.

இந்த நிலையில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. அரசாங்க அதிபரோடு குதிரையேறிப் பெருந்தெருவால் போனபோது, வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்டிருந்த ஒரு விறாந்தையைச் சவுக்கை நீட்டி அதிபருக்குக் காட்டினார் வூல்ஃப். அவ்வழியே வண்டியில் வந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர், வேண்டுமென்றே தன் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று எடுத்துக்கொண்டார். தமிழர் சங்கத்தார் தேசாதிபதிவரை முறைப்பாடு செய்தனர்.

வூல்ஃப் அடிக்கவில்லை. முறைப்பாடு உண்மையன்று. தம் பக்கம் நியாயம் இருக்கும்போது மனிதன் என்ன செய்வான்? கோபப்படுவான், விளக்கம் எழுதுவான், அத்தோடு மறந்துவிடுவான். வூல்ஃபும் கோபப்பட்டார்; ஆனால் மறக்கவில்லை. 1961இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றின் இரண்டாம் நூலில், எண்பது வயதுக் கிழவராக, அந்தத் தெருவுக்கே திரும்பி வருகின்றார். சவுக்கடி விழுந்ததென்று அவர்கள் நம்பியது பிழை. ஆயினும், அவர்களுடைய ஊரின் பெருந்தெருவில் தாம் ஒரு குதிரைமேல் நிமிர்ந்திருந்ததே முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவர்கள் உணர்ந்தது சரியல்லவா என்ற சந்தேகம் முதன்முதலாக அன்றுதான் தம்முள் முளைத்தது என்கின்றார்.

இதை நான் பலமுறை யோசித்ததுண்டு. வேலை வெறுத்துக் கிடந்த நாட்களில் அவருக்கு இந்த உண்மை தெரியவில்லை. வேலை பிடித்துப்போன பிறகே தெரிந்தது. வேலை பிடிக்கவில்லை என்பதும், வேலை பிழையானது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். இரண்டும் நெஞ்சுக்குள் ஒரே மாதிரியான கனத்தோடு கிடப்பதால் ஒன்றை மற்றதென்று எண்ணி ஏமாறுகின்றோம். மனேஜர் ஏசுகின்றார், மதியச் சாப்பாடு ஆறிப்போகின்றது, கூட வேலை செய்வோர் முகங்கொடுத்துக் கதைக்கிறார்களில்லை. இவையெல்லாம் சரியாகிவிட்டன என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். சம்பளமும் கூடிவிட்டது. அப்போதும் நெஞ்சில் முள் இருக்கின்றதா? இருந்தால் அது வெயிலின் வேலையன்று.

மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு செய்த தீர்மானத்தை மாற்றாதே என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் விதித்ததும் இதனாற்றான். அந்தத் தாய் சொன்ன "கொஞ்சம் பொறு" என்பதும் ஏறக்குறைய அதே புத்திமதி. ஆனால் இஞ்ஞாசியார் எதையும் மாற்றவே மாற்றாதே என்று சொல்லவில்லை. சோர்வின் கையில் சுக்கானைக் கொடுக்காதே என்றார், அவ்வளவே. சோர்வு நீங்கியபின் தீர்மானிப்பதை அவர் தடுக்கவில்லை.

இனி, பொறுமைக்கும் ஒரு விலையுண்டு. வூல்ஃப் பொறுத்திருந்தார், ஏறக்குறைய ஏழு வருடம். கண்டியில் இருந்தபோது போகம்பறைச் சிறையில் மனிதரைத் தூக்கிலிடும்போது உடனிருந்து பார்ப்பது அவர் கடமைகளில் ஒன்று. மனம் கூசியது, ஆயினும் நின்றார். பின்னர் 27 வயதில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். அந்த மக்களை உண்மையாக நேசித்தார். அதேவேளை அபராதம் போட்டார், மறியலுக்கும் அனுப்பினார். 1911இல் விடுமுறையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் 1912இல் உத்தியோகத்தைத் துறந்தார். அதற்கும் காரணம் ஒன்றல்ல. வேர்ஜீனியா என்ற பெண்ணை மணமுடிக்கும் ஆசை பெரும் பங்கு. அவள் மறுத்திருந்தால் அம்பாந்தோட்டைக்கே திரும்பி வந்து அங்கேயே காலங்கழிக்கவும் எண்ணியிருந்தார். இதை ஒளிக்காமல் எழுதியதால்தான் எனக்கு அவரில் நம்பிக்கை. முழுக்க முழுக்க மனச்சாட்சிக்காகவே வேலையை விட்டேன் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

(பின்னாளில் பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஆலோசகராக இருந்து, 1938இலேயே, இலங்கைச் சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பு வேண்டும், சுவிற்சலாந்து மாதிரியான சமஷ்டியையும் ஆராயலாம் என்று எழுதிக் கொடுத்தவரும் இவரே. பெருந்தெருவில் முளைத்த அந்தச் சந்தேகம் எங்கே வரை வளர்ந்தது பாருங்கள்.)

அந்த ஏழு வருடப் பொறுமைக்கு விலை கொடுத்தவர் யார்? ஒரு பகுதியை அவர் கொடுத்தார். மறு பகுதியை மறியலுக்குப் போனவர்கள் கொடுத்தார்கள். நான் மட்டும் வருந்தும் வேலையென்றால் ஒரு வருடம் பொறுக்கலாம், இரண்டு வருடமும் பொறுக்கலாம். வேலை பழகும், மனமும் தேறும். என் பொறுமைக்கு வேறொருவர் முற்றத்தில் இருந்து விலை கொடுக்கிறார் என்றால் கணக்கு வேறு. அதிலும் பெரிய ஆபத்து, பழகிப்போவது. முதல் மாதம் குத்திய முள் பன்னிரண்டாம் மாதம் குத்தாது. அது முள் கழன்றதனாலும் இருக்கலாம், தோல் தடித்ததனாலும் இருக்கலாம்.

இதைச் சொல்லும்போது கடன் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுக்கவேண்டாம். 2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் வடக்கில் வந்திறங்கிய கடன் கம்பனிகள் எல்லாம் ஒரே மாதிரியும் அல்ல. ஆனால் 2018இல் அரசாங்கமே முன்வந்து, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலை வந்ததென்றால், அந்த முற்றங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

நற்செய்தியிலும் வரி தண்டுவோர் இருக்கிறார்கள். மத்தேயு மேசையை விட்டு எழுந்தே போய்விட்டார். சக்கேயு தொழிலை விட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். யோர்தானில் திருமுழுக்கு யோவானிடம் வந்த ஆயக்காரருக்கும், விதித்ததற்கு மேலே வாங்காதே என்றுதான் கட்டளை. வேலையை விடு என்றல்ல. உள்ளே இருந்து நேர்மையாகச் செய்ய இடம் இருக்கின்றதா என்பதை முதலில் பார்க்கவேண்டும் என்று இதிலிருந்து எனக்குப் படுகின்றது. உள்ளேயே நின்று மறுத்தவரும் எம்மவரில் உண்டு. கேகாலைக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த கோடீஸ்வரன், தனிச்சிங்களச் சட்டத்தின்பின் சிங்களப் பரீட்சை எழுத மறுத்தார். 1962இல் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வேலையை விடவுமில்லை, பணியவுமில்லை, வழக்குப் போட்டார். அது 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. எல்லோராலும் முடிகிற காரியமன்று அது.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைக்கு நான் ஒழுங்காகச் சொன்னேன் என்றில்லை. பாதியில் நிறுத்தி, "தம்பி, மேலிடத்திலே கேட்டுப் பார்த்தனியோ, தவணை குடுக்கலாமோ எண்டு?" என்றேன்.

"ரெண்டு தரம் கேட்டன். கட்டாத காசை என்ரை சம்பளத்திலை பிடிக்கலாமோ எண்டு திருப்பிக் கேட்டவை."

"வேலை மெத்தக் கஷ்டமோ?"

"வெயில் பழகியிட்டுது. மனேஜரின்ரை பேச்சும் பழகியிட்டுது. அந்தப் பிள்ளைகள் ஓடுறதுதான்..."

தாய் அடுப்படிக்குப் போகாமல் கதவடியிலேயே நின்றாள். "ஆற்றை பிள்ளைகள்?" என்று கேட்டாள். அவன் ஒழுங்கையின் பெயரைச் சொன்னான். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கை. கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு அவள் முற்றத்தைப் பார்த்து, "உந்தச் சைக்கிளுக்கு இன்னும் எத்தினை மாசம் கட்டக் கிடக்கு?" என்றாள்.

"இருபத்திரண்டு" என்றான்.