கொடாததைக் கொள்ளாமையும் கணினி மென்பொருளும்



அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "நம் குடும்பங்களில் திருடர் எவர் உளர்? இவ்விரதம் நமக்கு எளிதன்றோ?" என்று எண்ணுவோர் பலர். பூட்டை உடைத்தலும் பிறர் வயலில் கதிர் கொய்தலும் நம்மிடையே இல்லைதான். ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் களவுக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பூட்டும் இல்லை, கன்னக்கோலும் இல்லை. உடையவர் கொடுத்தாரா என்பதொன்றே அங்கு அளவுகோல். அக்கோலை இன்று நம் இல்லத்துக் கணினியின்மீதும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

மென்பொருளை "வாங்கினோம்" என்கிறோம். பெரும்பாலும் நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமமே. இத்தனை கணினிகளில், இவ்வளவு காலம் என்னும் வரையறையோடு அது தரப்படுகிறது. கொடுத்தது அந்த எல்லை வரையில்தான்.

இவ்விரதத்திற்குரிய அதிசாரங்கள் ஐந்து என்பதை அறநூல் பயின்றோர் அறிவர்: களவுக்குப் பிறரை ஏவுதல், களவுப்பொருளை ஏற்றல், அரச நெறிக்கு மாறாக நடத்தல், அளவைகளில் வஞ்சித்தல், போலியைக் கலந்து விற்றல். வகுத்த ஆசாரியர்கள் கணினியைக் கண்டவர்களல்லர். எனினும் எவ்வளவு பொருந்துகின்றன! பழுதுபார்க்க வந்தவரிடம், "ஏதாவது செய்து ஏற்றிக் கொடு, தம்பி" என்பது ஏவுதல். ஒரு கணினிக்குரிய உரிமத்தைப் பத்துக் கணினிகளுக்கு நீட்டுவது பொய் மரக்கால். அரச நெறியோ வெளிப்படை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, கணினி நிரல்களும் இலக்கியப் படைப்புகளுள் சேர்க்கப்பட்டன. திருட்டு நகலென அறிந்தே பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் அச்சட்டத்தில் உண்டு. ஆதாய நோக்கின்றிப் பயன்படுத்தியவர்க்குச் சிறைத் தண்டனையை விலக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு.

"நகலெடுத்தால் உடையவரிடம் ஒன்றும் குறைவதில்லையே, ஏடுகளைப் படியெடுத்து வழங்குதல் சாத்திர தானமன்றோ?" என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். நல்ல வினா. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கிய வரலாற்றை நாமே பெருமையுடன் சொல்லிவருகிறோம். ஆனால் அந்நூல் உலகம் ஓதுவதற்கென்றே இயற்றப்பட்டது. எழுதியோர்க்கும் அவ்வம்மையார் தம் செல்வத்தினின்று கொடுத்தார். இங்கு உழைத்தவர் தம் உழைப்பை அவ்வாறு விடவில்லை. 1976ஆம் ஆண்டிலேயே பில் கேட்ஸ் என்பார், தம் நிறுவனத்தின் நிரலை விலையின்றிப் படியெடுத்தோர்க்கு வெளிப்படையான கடிதம் எழுதி, ஊதியமின்றி இவ்வேலையை எவர் செய்வார் என்று கேட்டார். வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற நமக்கு, பார்த்தெழுதிய மாணவன் "அவன் விடை அவனிடமே இருக்கிறதே, டீச்சர்" என்று சொல்வதும் புதிதன்று.

இனி, மீண்டும் மீண்டும் பணம் கேட்கும் முறை. அச்சுத் தொழில் செய்யும் நம் இளைஞர்கள் இதனைச் சொல்லி வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. முன்னர் ஒரு முறை விலை கொடுத்தால் அந்தப் பதிப்பைப் பல்லாண்டு வைத்துக்கொள்ளலாம். 2013ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம், போட்டோஷாப் முதலியவற்றின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே தருவதென அறிவித்தது. சந்தா நின்றால் கருவியும் நிற்கும். சிற்றூரில் திருமண அழைப்பிதழ் அச்சிடுபவருக்கு இது பெருஞ்சுமை. வேறு வழியற்றவரிடம் ஆண்டுதோறும் தண்டுவதில் லோபம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த லோபம் விற்பவருக்கு வினைக்கட்டு. நமக்கு அது தானப்பத்திரம் ஆகாது. குத்தகை மிகையென்றால் நிலத்தை விட்டுவிடலாம். இரவில் சென்று அறுத்து வரலாகாது.

அதற்காக, இல்லாத கடனையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டா. முழு விலை கொடுத்து நிலையாகப் பெற்ற பழைய பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவது களவன்று. புதியது வந்துவிட்டதே என்று மீண்டும் வாங்கும் கடமை எவர்க்கும் இல்லை. இழப்புக்கு அஞ்சி ஒரு காப்புப் படி எடுத்துவைத்தலையும் சட்டம் அனுமதிக்கிறது. பரிக்கிரக பரிமாணம் இங்கும் கைகொடுக்கும்: கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் வேண்டுபவருக்குப் பத்து மென்பொருள்கள் எதற்கு?

சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் ஓர் ஐயத்தை எழுப்பித் தாமே விடுக்கிறார். ஒருவரையும் கேளாமல் ஊர்த்தெருவில் நுழையும் துறவிக்குக் களவுக் குற்றம் வாராதோ? வாராது, தெரு அனைவர்க்கும் பொதுவாக விடப்பட்டது. அடைத்த கதவுக்குள்ளோ அவர் நுழைவதில்லை. கணினி உலகிலும் அத்தகைய திறந்த தெரு உண்டு. 1991இல் தொடங்கப்பெற்ற லினக்ஸ், 2010இல் தோன்றிய லிப்ரே ஆபீஸ், படங்களுக்குக் கிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் ஆகியவற்றை ஆக்கியோரே, படியெடுத்துப் பிறர்க்கும் வழங்குமாறு உரிமத்தில் எழுதிவைத்துள்ளனர். அவை கொடுக்கப்பட்டவை. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இத்தகைய மென்பொருள்களைக் கொண்டே கணினி பயில்கின்றனர். பழகச் சில வாரங்கள் கை தடுமாறும். அச்சகத்தார்க்குச் சில பணிகளில் குறையும் தோன்றலாம்.

ஏற்கெனவே கணினியில் உள்ள கள்ளப் படியை என் செய்வது எனத் தாய்மார் சிலர் வினவினர். தம் கோப்புகளை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்தியபின் அதனை நீக்கிவிடலாம். தொழிலுக்கு இன்றியமையாததாயின் உரிய சந்தாவைச் செலுத்தி, அதனைத் தொழிற்செலவில் எழுதிக்கொள்ளலாம். வரும் கோடை விடுமுறையில் நம் ஜினாலய மண்டபங்களில், இவற்றை அறிந்த இளைஞர் இரண்டு நாள் அமர்ந்து மற்றவர்க்குக் கற்பித்தால், நாமும் ஒரு மாணவியாக முன்வரிசையில் அமர்வோம்.