குரலின் மறுபிறவி

ஒருவருடைய குரலைப் பழைய நாடாவிலிருந்து எடுத்து வேறொரு சாதனத்தில் பதித்துவிட்டு, நாடா நைந்து பயனற்றுப்போன பிறகும் அந்தக் குரல் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, எதைச் சுட்டி அவ்வாறு சொல்கிறோம் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் தொழில் நுட்பத்தைச் சேர்ந்ததாகவே தோன்றினாலும், நம் தரிசனங்கள் பல நூற்றாண்டுகளாக வாதித்து வந்த ஒரு பெரும் விவகாரத்தின் வாசலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. சரீரம் மாறிய பின்னும் தொடர்வது எது? அப்படித் தொடர்வது என்று ஒன்று உண்டா?

இக்கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பும் பொருள், 'டாட்' என்று சுருக்கமாக வழங்கிய டிஜிட்டல் ஆடியோ டேப். 1987-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட் உள்ளங்கையில் அடங்குவது. இதனுள் இருக்கும் நாடா நான்கு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. அது விநாடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, நிமிஷத்துக்கு 2,000 முறை சுழலும் ஓர் உருளையில் பதிந்த தலைகள், மயிரிழையினும் மெல்லிய சாய்கோடுகளாக ஒலியின் அளவுகளை அதன்மேல் எழுதிச் செல்கின்றன. விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்களாக்கி, இடம் வலம் என்ற இரு தடங்களுக்கும் தனித்தனியே எழுதிவைப்பதால், ஒரு விநாடி நேரப் பாட்டுக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் தேவைப்படுகின்றன. ஸ்டூடியோக்களும் வானொலி நிலையங்களும் ஊர் ஊராகச் சென்று இசையைப் பதிந்த ஆராய்ச்சியாளர்களும் பல்லாண்டுகள் இதை நம்பியிருந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் இறுதியோடு சோனி இதற்கான யந்திரங்களைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நாடாக்கள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கவல்ல யந்திரங்களோ ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகின்றன.

சப்தம் நித்தியமா, அநித்தியமா என்பது மீமாம்சகர்களுக்கும் நையாயிகர்களுக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற வாதம். எழுத்தொலி என்றும் உள்ளது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே அன்றி உண்டாக்குவதில்லை என்றார்கள் மீமாம்சகர். நேற்றுக் கேட்ட எழுத்தை இன்று மற்றொருவர் வாயில் கேட்கும்போதும் 'இது அதுவே' என்று நாம் தடையின்றி அறிகிறோம் அல்லவா, அந்தப் பிரத்தியபிக்ஞையே இதற்குச் சான்று என்பது அவர்கள் கொண்ட நிலை. சப்தம் தோன்றுகிறது, ஆகவே அழிகிறது என்று நையாயிகர் மறுத்தார்கள். டாட் நாடாவை ஒரு டிஜிட்டல் கம்பியால் கம்ப்யூட்டருடன் இணைத்துப் பிரதி எடுக்கும்போது, இலக்கத்துக்கு இலக்கம் வேற்றுமையில்லாத பிரதி கிடைப்பதைக் காண்பவருக்கு, மீமாம்சகர் பக்கமே வெற்றி என்று முதலில் தோன்றக்கூடும். தேகம் வேறானாலும் எண் வேறாகவில்லை. ஆகவே குரல் அதுவே என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த எளிமை நிலைப்பதில்லை. தேவாரப் பதிகங்களை ஓர் ஓதுவார் பாட, தொண்ணூறுகளில் பதிந்த டாட் நாடா ஒன்றைப் பிரதி எடுக்கும்போது உடனிருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நாடாவைப் படிக்கையில் நேரும் பிழைகளை எண்ணிக் காட்டும் வசதி சில ஸ்டூடியோ யந்திரங்களுக்கு உண்டு. அந்த யந்திரமும் அவ்வகையைச் சேர்ந்தது. ஒரு பதிகத்தின் நடுவே, குரல் மேல் ஸ்தாயியில் நின்று நீண்ட ஓரிடத்தில், பிழையின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. என் செவிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. யந்திரத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பன்று. நாடாவில் எழுதும்போதே, அழிந்த இலக்கங்களைக் கணக்கிட்டு மீட்பதற்கான உபரி இலக்கங்களும் சேர்த்து எழுதப்படுகின்றன. சிறு சிதைவுகளை யந்திரம் இவற்றைக் கொண்டு முற்றிலும் சரியாகத் திருத்திவிடும். சிதைவு அந்த எல்லையைத் தாண்டினால், முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து, இடையில் இன்னது இருந்திருக்கும் என்று அனுமானித்து நிரப்பிவிடும். அனுமானமும் இயலாதபோதுதான் மௌனமாகிறது. திருத்தம் வேறு, அனுமானம் வேறு. முன்னது மீட்டெடுத்த உண்மை, பின்னது உண்மையைப் போன்ற ஒன்று. இரண்டையும் பிரித்தறியச் செவிக்கு ஆற்றல் இல்லை. ஓதுவார் பாடாத ஒரு நுண்கணத்தைக் கேட்டும் 'இது அவர் குரலே' என்று மனம் சாதிக்கிறது. ஆகவே பிரத்தியபிக்ஞை மட்டும் போதிய பிரமாணம் ஆகாது.

இங்கே நமக்குத் துணையாக வருவது, பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா என்ற நூலில் யவன மன்னன் மிலிந்தனுக்கு நாகசேனர் தரும் விளக்கம். ஆன்மா என்று ஒன்று இடம்பெயராமலே மறுபிறவி எப்படிக் கூடும் என்று மன்னன் வினவ, சிறு வயதில் ஆசிரியரிடம் கற்ற சுலோகம் ஒன்று நினைவிருக்கிறதா என்று கேட்கிறார் பிக்கு. நினைவிருக்கிறது என்கிறான் மன்னன். அந்தச் சுலோகம் ஆசிரியரை விட்டு நீங்கி உன்னிடம் வந்து புகுந்ததா என்று கேட்க, இல்லை என்று அவன் ஒப்புக்கொள்கிறான். டாட் நாடாவிலும் நிகழ்வது அதுவே. காந்தத் துகள்கள் நாடாவிலேயே இருக்க, அவற்றின் நிலையைக் காரணமாகக் கொண்டு கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு நிலை தோன்றுகிறது. ஒரு பொருளும் இடம்பெயரவில்லை. காரண காரியத் தொடர்ச்சி மட்டும் அறாமல் நிற்கிறது.

இந்த முடிவு சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது மிகுந்த பொறுப்பை உணர்த்துவதாகவே படுகிறது. குரல் தன்னியல்பால் நித்தியமாக இருக்குமானால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தொடர்ச்சியே அதன் உயிர் என்றால், அந்தத் தொடர்ச்சியில் ஒரு கண்ணியாக நிற்பவனுடைய நேர்மையும் கவனமும் அந்த உயிரின் அங்கங்களாகிவிடுகின்றன. கையளிப்பவன் மறைத்த குறை, பெற்றுக்கொள்பவனிடத்தில் உண்மையென்றே வேரூன்றிவிடும். கர்ம வினை பிறவிகளைத் தாண்டி வருவது போல, ஒரு பிரதியின் பொய்யும் பின்வரும் எல்லாப் பிரதிகளிலும் தொடரும்.

தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது அவை கறையானால் மூடப்பட்டிருந்தன என்றும், எஞ்சியவற்றையே திருமுறைகளாக வகுத்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. பண்களை மீட்பதற்கு அவர்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை நாடினார்கள் என்பதும் அதே புராணத்தின் செய்தி. இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது, அழிந்ததை அழிந்தது என்றே மரபு ஒளிக்காமல் சொல்லிவருவதுதான். அரித்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பி, முழுமையானது இது என்று எவரும் நீட்டவில்லை. கிடைத்ததைப் போற்றுவதும் கிடைக்காததை ஒப்புக்கொள்வதும் சேர்ந்ததே பாதுகாப்பு என்னும் தர்மம்.

ஆகவே, டாட் நாடாக்களை வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. யந்திரம் ஓடும் காலத்திலேயே பிரதி எடுங்கள். இரண்டு மணி நேர நாடாவுக்கு இரண்டு மணி நேரமும் உடனிருந்து கேளுங்கள். இயன்றால் இருமுறை பதிந்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களையும் யந்திரம் பிழை காட்டிய இடங்களையும் நேரத்தோடு குறித்து, அந்தக் குறிப்பைப் பிரதியுடனேயே வையுங்கள். பிரதிகளை வெவ்வேறு இடங்களில் காப்பாற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள். நம்மைவிடத் திறமையோடு அதைப் படிக்கக்கூடிய ஒருவர் நாளை வரக்கூடும், அவருக்குச் சேர வேண்டியதை மறுக்க நமக்கு அதிகாரம் இல்லை.