ராஜுவின் வீடு எங்கே?

2009 பிப்ரவரி 12 அன்று மலேசியத் திரையரங்குகளுக்கு வந்த 'கெங்: பெங்கெம்பாரான் பெர்மூலா', அந்நாட்டின் முதல் முப்பரிமாணக் கணினி அசைவூட்டத் திரைப்படம். லெஸ் கோபாக் நிறுவனம் எடுத்தது. இயக்கியவர் நிஸாம் ரசாக். இன்று உலகறிந்த உபினும் இபினும் இந்தப் படத்துக்காகப் பிறந்த பிள்ளைகள்தாம். கம்போங் டுரியான் ருந்து என்னும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், நடக்கும் அந்தச் சாகசக் கதையில் ராஜு என்ற தமிழ்ச் சிறுவன் இருக்கிறான். வாயில்லா ஜீவன்களின் பேச்சு அவனுக்குப் புரியும். அவன் வளர்க்கும் காளைக்குச் சாப்பி என்று பெயர். பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும், அன்று எட்டு பத்து வயதில் அதைப் பார்த்து மகிழ்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது 25 வயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் படத்தை மறுபடி பார்க்கும்போது, முன்பு தெரியாத சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அவற்றைச் சொல்வது, தமக்கு மகிழ்ச்சி தந்த ஒன்றுக்குச் செய்யும் நன்றிகேடா? சொல்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போட்டுக் காட்டுவது நேர்மையா?

முதலில் எழும் குறை எளிதானது. மலாய்த் தாத்தா தோக் டாலாங் நிழற்கூத்துக் கலைஞர், ஊர்த் தலைவர். தமிழ்ச் சிறுவனுக்கு வாய்த்தது மாடு. அவன் அப்பா முத்துவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. இனத்துக்கு ஒரு தொழில் என்று அச்சில் வார்த்துவிட்டார்கள் என்பது இந்தக் குறை. இதில் பாதி நியாயம் உண்டு. மற்ற பாதியை ஏற்பதற்கு முன் மாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மாடு வெறும் பிராணி அல்ல. விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போய், கோப்பையில் வடிந்த ரப்பர்ப் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு, தோட்டத்துக் கூலிக்கு அப்பால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்த சில பொருள்களில் அது ஒன்று. மாட்டுப் பால் விற்ற காசு பள்ளிக்கூடச் செலவுக்கு ஆனது. கன்று விற்ற காசு கல்யாணத்துக்கு ஆனது. ஆகவே ராஜுவின் காளையைக் கண்டு கூசுகிறவர் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அந்தக் கூச்சம் படம் கொடுத்ததா, மாடு மேய்த்த தன் பாட்டனைப் பட்டணத்தில் யாரோ இளக்காரம் செய்ததால் வந்ததா? சாப்பி, படம் எடுத்தவர்களே எண்ணிப் பார்க்காத ஓர் உண்மையைச் சுமந்து நிற்கிறது.

படத்தின் உண்மையான குறை மாட்டில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ராஜு கம்பத்துப் பிள்ளையாக வருகிறான். கம்பம் என்பது குடியிருப்பவருக்குப் பிடிமானம் தரும் நிலம். வீடு தலைமுறைக்குக் கைமாறும், பழ மரம் பேரனுக்குக் காய்க்கும். தமிழர் வாழ்ந்த தோட்டம் அப்படியல்ல. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் கூரை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் இன்றும் வலியோடு சொல்லும் சொல் அப்போது பிறந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களைத் தொழிலாளருக்கே வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தாங்க முடியாமல்தான். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அதன் பின் செம்பனையையும் வெட்டி வீடமைப்புப் பகுதிகள் எழுப்பினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் தமிழ்க் குடும்பங்கள் சட்டி பானையோடு இடம் பெயர்ந்தன. மாடுகளைக் கொண்டுபோக மலிவு வீட்டு அடுக்குமாடியில் இடம் ஏது? 2009இல் ராஜுவைக் கண்டு கைதட்டிய பிள்ளைகளில் பலர், இப்படிப் பெயர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். படம் அவர்களுக்கு ஒரு கம்பத்தை இரவல் கொடுத்தது. அவர்கள் இழந்த ஊரின் பெயர் அதில் இல்லை.

குழந்தைகள் படத்தின் தலையில் நிலச் சிக்கலை ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றலாம் என்பதற்கு இதே பேராக்கில் சான்று இருக்கிறது. கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த ஓவியர் லாட், 1979இல் 'தி கம்போங் பாய்' நூலை வரைந்தார். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் புத்தகம் அது. ஆனாலும் ஈயம் தோண்டும் இராட்சத இயந்திரம் அதில் ஊருக்குப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. ஈயக் கம்பெனி நிலத்தைக் கேட்டு வரக்கூடும் என்ற பேச்சும் வருகிறது. அந்த நிழலால் பிள்ளைகளின் சிரிப்பு குறைந்துவிடவில்லை. பின்னர் அது 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் வந்தது. தன் ஊர் எந்த மண்மேல், யார் தயவில் நிற்கிறது என்பதைச் சிறுவனின் கண்ணாலேயே சொல்லிவிட முடியும். லாட் சொன்னார், ஏனென்றால் அது அவருடைய ஊர். லயத்துப் பிள்ளைப் பருவத்தை அவரிடமோ நிஸாம் ரசாக்கிடமோ எதிர்பார்ப்பது முறையல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ்ப் பிள்ளையைச் சாகசக் கூட்டத்தில் சமமாகச் சேர்த்து, மற்றவர்க்கு இல்லாத ஆற்றலையும் தந்த படம் இது. எல்லா இனமும் ஒரே ஊரில் வாழும் கனவைக் காட்டிய படத்திடம் கணக்குக் கேட்பது அற்பத்தனம் என்பது அந்த மறுப்பு. அந்தக் கனவு நல்ல கனவு; அதை மறுக்கக் கூடாது. ஆனால் குறை சொல்வதிலும் இரு வகை உண்டு. டிஸ்னி நிறுவனம் 1941இல் வந்த 'டம்போ', 1953இல் வந்த 'பீட்டர் பான்' போன்ற தன் பழைய படங்களுக்கு முன்னால், 2020இல், இவற்றில் பிற மக்களைத் தவறாகக் காட்டும் பகுதிகள் உண்டு என்று எச்சரிக்கை வாசகம் போட்டது. அங்கே குற்றம் திரையிலேயே இருக்கிறது, சுட்டிக் காட்டிவிடலாம். 'கெங்' படத்துக்கு அப்படி ஒரு வாசகம் வேண்டியதில்லை. போட்டால் அதுதான் அநியாயம். இங்கே விடுபட்டது ஒரு வரலாறு. விட்டவர் தீங்கு நினைத்தவர் அல்ல, அறியாதவர். அறிந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே கடமை படத்தின் பக்கம் அல்ல, பார்க்கிற பெரியவர் பக்கமே விழுகிறது. கனவைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையிடம் அந்தக் கனவுக்குக் கொடுத்த விலையையும் சொன்னால் கனவு கெட்டுப்போகாது. சொல்லாவிட்டால், தன் பாட்டி ஏன் கம்பத்தைப் பற்றிப் பேசாமல் எப்போதும் தோட்டத்தைப் பற்றியே பேசுகிறாள் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரியாமலே போகும்.

பேராக்கில் சில தமிழ்ப்பள்ளிகள் பட்டணத்துக்கு இடம் மாறியும் பெயரில் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல்லை விடாமல் வைத்திருக்கின்றன. தோட்டம் என்று அதற்குப் பொருள். பெயர்ப் பலகைக்குக் கீழே பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளையின் புத்தகப் பையில் உபினும் இபினும் சிரிக்கிறார்கள். அந்த வாசலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு ரப்பர் மரம்கூடத் தெரியாது.