அடிபடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாமா?



ஒருவன் வழுக்கி விழுகிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். விழுந்தவனுக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சிரிப்பு வந்துவிடுகிறது! இது கெட்ட இருதயத்தின் அடையாளமா, அல்லது மனுஷ சுபாவம்தானா? இந்தக் கேள்வியை நான் பெரிய புஸ்தகம் எதிலிருந்தும் எடுக்கவில்லை. நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிற ஒரு கார்ட்டூனிலிருந்துதான் எடுத்தேன்.

"ஓகி அண்ட் தி காக்ரோச்சஸ்" என்ற தொடரை உங்களில் அநேகர் அறிந்திருப்பீர்கள். இது பிரான்சு தேசத்தில் உண்டானது. ழான்-ஈவ் ரேம்போ என்பவர் உருவாக்கி, 1998-ல் பிரான்சுத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. ஒவ்வொரு கதையும் ஏறக்குறைய ஏழு நிமிஷம். ஓகி என்ற நீல நிறப் பூனை வீட்டைக் கூட்டி, சமைத்து, அமைதியாய் வாழ விரும்புகிறது. ஜோயி, மார்க்கி, டீ டீ என்ற மூன்று கரப்பான்பூச்சிகள் அதை விடுகிறதில்லை. ஃபிரிட்ஜைக் காலி பண்ணுவதும், தூக்கத்தைக் கெடுப்பதும், பூனை மாட்டிக்கொண்டதும் விழுந்து விழுந்து சிரிப்பதும்தான் அவைகளுக்கு வேலை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பல கதைகளைப் பார்த்தேன். சிரித்தேன், மறைப்பானேன்! அப்பொழுது சின்னப் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். பக்கத்து வீட்டில் பாப் என்று ஒரு முரட்டு நாய் உண்டு. கரப்பான்பூச்சிகள் எதையாவது செய்துவிட்டு ஓடிப்போகும். நாய் வந்து பூனையைத்தான் பிடித்து நொறுக்கும். அதைப் பார்த்துவிட்டு அவள், "தாத்தா, ஓகி ஒண்ணுமே பண்ணலையே! அது ஏன் அடி வாங்குது?" என்றாள். அவள் அண்ணன் சிரித்துக்கொண்டே, "சும்மா படம்தானே, பேசாம பாரு" என்றான்.

இரண்டு பிள்ளைகள் சொன்னதையும் யோசித்துப் பாருங்கள். யார் சொன்னது சரி?

அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பூனை அப்பளம்போல் நசுங்கும், கரிக்கட்டையாய்க் கருகும். அடுத்த காட்சியில் முழுசாய் எழுந்து நிற்கும். தழும்பு கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. இந்த வகை வேடிக்கைக்கு ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்று பேர். பழைய இத்தாலிய நாடகக்காரர்கள் இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு கோல் வைத்திருந்தார்கள். அதால் அடித்தால் சத்தம் பெரிசாய்க் கேட்கும், வலியோ கொஞ்சம்தான். அந்தக் கோலின் பேர்தான் வேடிக்கைக்கும் வந்தது. ஆம், சத்தம் நிஜம், காயம் பொய்! இந்த உடன்படிக்கையின்மேல்தான் சிரிப்பு நிற்கிறது.

ஆனால் தங்கை கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கவனியுங்கள்: இந்தத் தொடரின் மூலத்தில் பேச்சே இல்லை. இந்தியாவில் ஒளிபரப்பியபோது ஹிந்தியில் பேச்சைச் சேர்த்தார்கள். மூலத்திலோ உறுமலும் அலறலும் சிரிப்பும்தான். அப்படியானால் "நான் செய்யவில்லை" என்று சொல்ல ஓகிக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. செய்தவன் தப்பிக்கிறான், செய்யாதவன் அடிபடுகிறான், வாய் திறந்து வழக்காட அவனுக்கு வழியில்லை. இதே காரியம் நம் தெருவில் நடந்தால் நாம் அதை வேடிக்கை என்போமா, அநியாயம் என்போமா?

பிரான்சு தேசத்தில் இந்தச் சிரிப்புக்குப் பழைய வரலாறு உண்டு. லியோன் பட்டணத்தில் லோரான் மூர்கே என்று ஒருவர் இருந்தார். தொழில் பல் பிடுங்குவது. மரத்துப்போகும் ஊசி இல்லாத காலம் அது! ஜனங்களை இழுக்க அவர் பொம்மலாட்டம் நடத்தினார். அதிலிருந்து 1808 வாக்கில் பிறந்ததுதான் கிஞோல் என்ற கைப்பொம்மை. கிஞோல் தடியெடுத்துப் போலீஸ்காரப் பொம்மையை அடிக்கும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். எளியவன் அதிகாரியை அடிப்பதில் ஏழை ஜனங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. ஓகியின் கதையிலோ அந்தக் கணக்கு குழம்பிப்போகிறது. சின்னதாய் இருக்கிறவை உபத்திரவம் செய்கின்றன, பெரிசாய் இருக்கிறது உபத்திரவப்படுகிறது. சிறியவன் என்பதால் ஒருவன் நீதிமான் ஆகிவிடுகிறதில்லை என்று இந்தக் கதை நமக்குக் காட்டுகிறது.

அதே பிரான்சில் ஆன்ரி பெர்க்சோன் என்ற தத்துவ ஞானி 1900-ல் சிரிப்பைப் பற்றியே ஒரு புஸ்தகம் எழுதினார். சிரிக்கிற நேரத்தில் இரக்கம் ஒதுங்கி நிற்கிறது, இருதயம் சற்று மரத்துப்போகிறது என்பது அவர் கருத்து. எனக்கு இது சரியாகவே படுகிறது. விழுகிறவனுக்காகக் கண்ணீர் விடுகிற அதே நிமிஷத்தில் யாராலும் சிரிக்க முடியாது.

அப்படியானால் சிரிப்பே தப்பா? இல்லை, பிரியமானவர்களே! பல் பிடுங்க ஊசி போடுகிறார்கள். தாடை மரத்துப்போகிறது. அது குற்றமல்ல. ஆனால் இரண்டு நாள் கழிந்தும் உணர்ச்சி திரும்பவில்லை என்றால்? அப்பொழுது பயப்படுகிறோம், டாக்டரிடம் ஓடுகிறோம். சிரிப்பும் அப்படியே. இருதயம் மரத்துப்போவதில் தோஷமில்லை. அது திரும்ப விழிக்கிறதா என்பதே கேள்வி!

இன்றைக்கு ஒருவன் பைக்கிலிருந்து நிஜமாகவே விழுகிறான். தூக்கிவிட ஒரு கை நீளுமுன் செல்போன்கள் நீளுகின்றன. அந்த வீடியோவை வீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். இங்கே உடன்படிக்கை உடைந்துவிட்டது. சத்தமும் நிஜம், காயமும் நிஜம். விழுந்தவன் அடுத்த காட்சியில் முழுசாய் எழுந்து வருகிறதில்லை. ஆனாலும் பார்க்கிறவன் அதே சிரிப்பைத்தான் சிரிக்கிறான். பூனை விழுந்ததற்கும் மனுஷன் விழுந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்றே!

ஆகையால் பெற்றோருக்கு நான் சொல்லுவது இதுதான். டிவியை உடைக்க வேண்டாம். கார்ட்டூன் பார்த்த பிள்ளையெல்லாம் கெட்டுப்போகும் என்று பயமுறுத்தவும் வேண்டாம். சிரிக்கிற பிள்ளையைத் திட்டினால் அது மறைவாய்ச் சிரிக்கும், அவ்வளவுதான்.

பதிலாக இரண்டு காரியங்களைப் பாருங்கள். தம்பி நிஜமாய் விழும்போது உங்கள் பிள்ளை என்ன செய்கிறான்? முதலில் சிரித்தாலும் பரவாயில்லை, பிறகு ஓடிப்போய்த் தூக்குகிறானா? தூக்குகிறான் என்றால் ஊசியின் மருந்து இறங்கிவிட்டது. இரண்டாவது, "அது ஏன் அடி வாங்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "பேசாம பாரு" என்று வாயை அடைக்காதீர்கள். எல்லாரும் சிரிக்கிற வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் செய்யாத குற்றத்துக்கு ஒருவன் அடிபடும்போது, "அவன் ஒண்ணும் பண்ணலை சார்!" என்று எழுந்து நிற்கப் போகிறது அந்தப் பிள்ளைதான்.

அந்தப் பூனைக்குப் பேச வாயில்லை. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இருக்கிறதே!