ஆஸ்பத்திரிப் பேய்களும் மரித்த விசுவாசிகளும்



பேய்க்கதை கேட்பதில் சிறுவருக்கு மாத்திரமல்ல, பெரியவர்களுக்கும் ஆசை உண்டு. கதை நடந்த இடம் பாழடைந்த ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே வேண்டாம், ஆசை இரட்டிப்பாகும். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்ட இந்த நவம்பர் மாதத்தில், அப்படிப்பட்ட ஓர் ஆஸ்பத்திரியைப்பற்றியே சிந்திப்போம்.

அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தைச் சேர்ந்த லூயிவில் நகருக்கடுத்த ஒரு குன்றின்மேல் வேவர்லி ஹில்ஸ் என்னும் க்ஷயரோக ஆஸ்பத்திரி இருந்தது. 1910-ம் ஆண்டில் சுமார் 40 நோயாளிகளுக்கென்று மரக்கட்டிடமாய்த் தொடங்கிற்று. நோய் பெருகவே, 1926-ல் 400-க்கு மேற்பட்ட படுக்கைகளுள்ள ஐந்து மாடிக் கட்டிடம் எழும்பிற்று. க்ஷயரோகக் கிருமியை 1882-லேயே ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய வைத்தியர் கண்டுபிடித்திருந்தார்; ஆனால் அதைக் கொல்லும் மருந்து அப்போது கிடையாது. ஓய்வு, நல்ல ஆகாரம், வெயில், சுத்தமான காற்று, இவைதான் சிகிச்சை. ஆகையால் குளிர்காலத்திலுங்கூட நோயாளிகளைக் கட்டிலோடு திறந்த தாழ்வாரங்களில் கிடத்தினார்கள்.

அந்தக் குன்றின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை சுமார் 500 அடி நீளமான ஒரு சுரங்கப்பாதை உண்டு. வேலையாட்கள் ஏறி இறங்க உதவிய அப்பாதை வழியாகவே மரித்தவர்களின் சரீரங்களையும் கீழே கொண்டுபோனார்கள். ஏன்? பிரேதம் போவதைக் கண்டு மற்ற நோயாளிகள் மனமுடைந்துபோகக் கூடாதென்ற இரக்கத்தினால்.

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. க்ஷயரோகிகள் பிழைக்கத் தொடங்கினார்கள். 1961-ல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. பிறகு சுமார் இருபது ஆண்டு முதியோர் விடுதியாக இருந்து, அதுவும் நின்று, கட்டிடம் பாழாயிற்று. 1996-ல் அங்கே உலகத்திலேயே மிக உயரமான சேசுநாதர் சுரூபம் ஸ்தாபிக்க ஒருவர் திட்டமிட்டார். நன்கொடை சேராததால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 2001-ல் கட்டிடம் வேறு கைக்கு மாறியபின், பேய் பார்ப்பதற்கென்று ஜனங்கள் பணங்கொடுத்து இரவில் போகலானார்கள். கர்த்தருக்குத் திறவாத பணப்பை பேய்க்குத் திறந்தது!

அங்கே சொல்லப்படும் கதைகள் அநேகம். இரக்கத்துக்காக உபயோகித்த சுரங்கம் இப்போது பயங்கரச் சுரங்கம். ஐந்தாம் மாடியில் ஒரு தாதியின் ஆவியாம். இருட்டில் பந்து உருட்டும் ஒரு சிறுவனாம். அங்கே மாண்டவர்கள் 63,000 பேராம். பிரியமானவர்களே, கணக்குப் பாருங்கள். ஐம்பது வருஷத்தில் அத்தனை பேர் என்றால் நாளொன்றுக்கு மூன்று பேருக்கு மேல் இறந்திருக்க வேண்டும்; நானூறு கட்டிலும் நாலு மாதத்துக்கொரு முறை சாவினாலேயே காலியாகியிருக்க வேண்டும். தொடக்கத்திலோ கட்டில்கள் நாற்பதுதான். கதை வளர்ந்ததேயொழிய கணக்கு வளரவில்லை. காற்று தேடிக் குன்றின்மேல் கட்டின வீடு. கதவும் ஜன்னலும் போனபின் அதே காற்று உள்ளே புகுந்து சத்தமிடாமல் என்ன செய்யும்?

"அப்படியானால் சுவாமி, ஆவிகளே இல்லையென்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. ஆத்துமம் அழியாதது என்பது நமது விசுவாசம். சர்வேசுரன் உத்தரவளித்தால் மரித்தவர்களின் ஆத்துமம் உயிருள்ளவர்களுக்குத் தோன்றக்கூடுமென்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். ஆனால் மரித்தவர்களை அழைத்துக் குறிகேட்பதைப் பழைய ஏற்பாட்டிலேயே ஆண்டவர் கண்டிப்பாய் விலக்கியிருக்கிறார். அவர்களை வேடிக்கை பார்க்க நமக்கு உத்தரவில்லை. அவர்களுக்காக வேண்டிக்கொள்ளவோ கடமை உண்டு.

அப்போஸ்தலர்களும் ஒருமுறை பேயென்று அலறினார்கள். இரவில், புயலில், கடல்மேல் நடந்து வந்தவரைக் கண்டு நடுங்கினார்கள். வந்தவர் யார்? அவர்களை இரட்சிக்க வந்த ஆண்டவர். உயிர்த்தெழுந்த பின்னும் அவர்கள் அப்படியே மருண்டபோது, தமது கைகால்களைக் காட்டி, தம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பயம் நம் கண்ணை மறைக்கிறது, அன்புக்குரியவரையே பேயாக்கிவிடுகிறது.

அந்தப் பந்து உருட்டும் சிறுவனை நினையுங்கள். அவன் கதையில் மெய் எவ்வளவோ நாமறியோம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் மெய்யாகவே பிள்ளைகள் இருந்தார்கள். 1914-ல் அவர்களுக்கென்று தனிக்கட்டிடம் கட்டப்பட்டது. வியாதியுள்ள பிள்ளைகள் மட்டுமல்ல, தாய் தகப்பன் நோயாய்க் கிடந்ததால் கவனிப்பாரற்றுப்போன பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். இரவில் அம்மாவென்று அழுத பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வதை விட்டு, அவன் பந்து உருளுகிறதா என்று விளக்குப் பிடித்துத் தேடலாமா? உங்கள் பிள்ளையாயிருந்தால் சகிப்பீர்களா?

குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளும் இதே க்ஷயரோகத்தால், தன் 24-ம் வயதில், 1897-ல் லிசியே மடத்து நோயாளிகள் அறையில் உயிர்விட்டாள். மூச்சுக்குத் தவித்து அவள் மடிந்த அந்த அறையைப் பேய் அறையென்று ஒருவரும் சொல்வதில்லை. காரணம், அங்கே நேசிக்கப்பட்டவளாக மரித்தாள். இன்றும் நேசத்தோடு நினைக்கப்படுகிறாள். நாம் நேசிக்க மறந்த மரித்தவர்களையே பேய்களாக்குகிறோம்.

இன்னொரு வார்த்தை. நாம் உயிரோடிருப்பவர்களையும் பேய்களாக்குகிறோம். 2023-ம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் க்ஷயரோகத்தால் மாண்டார்கள். நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நமது இந்தியாவைச் சேர்ந்தவர். இன்று மருந்து உண்டு. சாதாரணமாய் ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டால் குணமாகும். அப்படியிருந்தும், நோய் தெரிந்தால் அக்கம்பக்கத்தார் ஒதுக்குவார்களோ, மகளுக்குச் சம்பந்தம் கிடைக்காதோ என்று பயந்து அதை மறைத்து மடிகிறவர்கள் உண்டு. நம் தெருவில் அப்படிப்பட்ட ஒருவர் வீட்டை, பேய்வீட்டை விலகுவதுபோல் விலகிப்போனது யார்? நாம் அல்லவா? வியாதியாயிருந்தேன், என்னைப் பார்க்க வரவில்லையே என்று தீர்வைநாளில் நடுவர் கேட்கும்போது, பயமாயிருந்தது ஆண்டவரே என்போமோ?

ஆகையால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். ஆஸ்பத்திரிகளில் நினைப்பாரின்றி மரித்த ஓர் ஆத்துமத்துக்காகப் பூசை கண்டு, திவ்விய நன்மை வாங்கி ஒப்புக்கொடுங்கள். பிறகு, இத்தனை நாள் நீங்கள் விலகிப்போன ஒரு நோயாளியின் வாசற்படி ஏறி, பக்கத்தில் அமர்ந்து, மருந்து சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அன்பு இருக்கும் இடத்தில் பேய்க்கு வேலையில்லை.

ஆமென்.