ஒற்றனும் அவன் செலுத்தாத விலையும்

ஒற்றனை ஒரு கதைமாந்தனாகப் படைத்தல் எளிதன்று. அவனை எல்லாம் வல்லவனாக்கினால் கதையில் இடர் என்பதே இல்லாது போகும். ஏதும் இயலாதவனாக்கினால் அவன் ஒற்றனாகான். ஆற்றலும் குறையும் ஒத்த எடையில் நிற்றல் வேண்டும் என்னும் இச்சிக்கல் நாடகத்திற்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. இன்று இளைஞர் சிலர் மேசையைச் சுற்றியிருந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளிலும் இதுவே முதற்சிக்கலாகும். அங்குக் கிடைக்கும் விடையொன்று, அறவியலின் பழைய வினாவொன்றைத் தெளிவுபடுத்த உதவுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாகும். ஆடுவோர் ஒவ்வொருவரும் கற்பனை உலகொன்றின் மாந்தராகப் பேசுவர். ஒருவர் கதையை நடத்துவார். ஐயத்திற்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். மாந்தர் ஒவ்வொருவருக்கும் உடல்வலிமை, இயக்கத்திறன், தாங்குதிறன், நுண்ணறிவு, விவேகம், கவர்ச்சி என ஆறு பண்புகள் உண்டு. 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் முறையொன்றின்படி, ஆறும் 8 என்னும் அளவில் தொடங்கும். அவற்றை உயர்த்த 27 புள்ளிகளே தரப்படும். ஒரு பண்பை 15 வரை உயர்த்த 9 புள்ளிகள் செலவாகும். எனவே, ஓசையின்றி நடக்க இயக்கத்திறனையும், கண்டவற்றைப் பொருத்திப் பார்க்க நுண்ணறிவையும், பேச்சால் பிறரை இசைவிக்கக் கவர்ச்சியையும் 15 ஆக்கினால் கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிடும். அத்தகைய ஒற்றன் அடிபட்டால் தாங்கான்; எதிரில் நிற்பவன் கூறும் பொய்யை உணரும் விவேகமும் அவனிடம் குறைவு. பிறரை ஏமாற்ற வல்லவன் தானும் எளிதில் ஏமாறுவான். பெற்ற ஆற்றலுக்குப் பெற்றவனே விலை கொடுத்தல் என்பதே இங்குச் சமநிலையின் பொருளாகும்.

இக்கருத்தை மனங்கொண்டு திருக்குறளின் 59 ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலை நோக்குவோம். ஐயம் எழாத தோற்றம், பிறர் உற்றுநோக்கினும் அஞ்சாமை, அறிந்ததை எந்நிலையிலும் வெளிவிடாமை ஆகிய மூன்றையும் வள்ளுவர் ஒற்றனுக்கு இலக்கணமாக்குகின்றார். துறவிவேடத்தில் புகுந்து ஆராய்வதையும் ஏற்கின்றார். ஆயின், அவனது ஆற்றலுக்கு அவர் இடும் எல்லை அவனிடத்து இல்லை; அவனை ஆள்வோனிடத்து உள்ளது. ஓர் ஒற்றன் கூறியதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒன்றுபட்ட பின்னரே தெளிதல் வேண்டும். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் மூவர் சொல் ஒத்தலையே வேண்டுகின்றது. அந்நூல் கூறும் ஒற்றர் வகைகளுள் முதலாவது மாணாக்கன் வேடம் பூண்டவன் என்பது பல்கலைக்கழகத்தினராகிய நாம் சற்று நின்று எண்ணத்தக்கது.

இங்கே முரண் ஒன்று தோன்றுகின்றது. தவவேடத்தில் மறைந்து தீயன செய்வோனைப் புலித்தோல் போர்த்து மேயும் பசுவாகவும், புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனாகவும் காட்டிக் கூடாவொழுக்க அதிகாரத்தில் பழித்தவர் வள்ளுவர். அவரே ஒற்றனுக்கு அவ்வேடத்தை வழங்குதல் எங்ஙனம்? முன்னவன் தன்னலத்திற்காக மறைகின்றான், பின்னவன் நாட்டுநலத்திற்காக மறைகின்றான் என்று விடை கூறலாம். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் அவர் கூற்று இதற்குத் துணைநிற்கும். இவ்விடையைப் புறந்தள்ளவும் இயலாது. படை வருவதை முன்னறிவித்து ஓர் ஊரைக் காத்தவனைப் பொய்யன் என்று இகழ்வார் யார்?

ஆயினும், இவ்விடை வேடமிட்டவனின் நெஞ்சை மட்டுமே அளக்கின்றது. வேடத்திற்கு உரியவனை மறந்துவிடுகின்றது. துறவிவேட ஒற்றன் ஒருவன் பிடிபட்ட ஊரில், மறுநாள் பிச்சைக்கு வரும் மெய்த்துறவிக்கு எந்த வாயில் திறக்கும்? விளையாட்டில் ஒற்றன் தன் புள்ளிகளால் விலை கொடுத்தான். வாழ்விலோ, அவனைக் கண்டேயிராத வேறொருவன் அவ்விலையைக் கொடுக்கின்றான்.

இஃது ஏட்டளவான ஐயமன்று என்பதை வன்னி நிலம் அறியும். முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் எல்லையில், களப்பும் கடலும் சேருமிடத்தில் உள்ளது கொக்கிளாய். அங்கு வாழ்ந்த தமிழ் மக்கள் 1984 இன் இறுதியில் வெளியேற நேர்ந்து, 2009 இல் போர் முடிந்த பின்னரே மீளக் குடியமரத் தொடங்கினர். பருவம் பார்த்து வரும் மீனவரும் வியாபாரிகளுமாக, வெளியார் வந்து போதல் அத்தகைய கரையோர ஊருக்கு இயல்பு. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கு எங்கணும் அவ்வியல்பே ஐயத்திற்கு இடமாயிற்று. துணிமூட்டை சுமந்து விற்பவனும், வழி கேட்பவனும், மனம் பேதலித்துத் திரிபவனும் உளவாளியோ என்று நோக்கப்பட்டனர். உளவாளி, துரோகி என்று சுமத்தப்பட்ட பழியால், விளக்கம் கூற இடமின்றி உயிரிழந்தோரும் உளர். மறுபுறம், சுற்றிவளைப்புகளில் முகம் மூடி இருத்தப்பட்ட 'தலையாட்டி' இருந்தான். வரிசையில் நடந்தவருள் எவரைக் கண்டு அவன் தலையசைத்தானோ, அவர் கொண்டுசெல்லப்பட்டார். அவ்வசைவை ஒத்துப்பார்க்க இரண்டாமவரும் இல்லை, மூன்றாமவரும் இல்லை.

மூவர் சொல் என்னும் விதியின் ஆழம் இங்கேதான் புலனாகின்றது. அரசன் ஏமாறாதிருத்தற்கு உரிய உத்தியாக அதனைக் கொள்வது ஒரு பொருள். அதனினும் பெரிய பொருள், பழிசுமத்தப்பட்டவனுக்கு அது காப்பாகும் என்பது. ஒருவன் சொல்லே போதும் என்று கொள்ளும் ஆட்சியில், ஒற்றனிடம் எத்தனை குறைகள் இருப்பினும் அவன் ஆற்றலுக்கு எல்லை இல்லை. அப்போது சமநிலை கெடுவது அவனிடத்தன்று. அவன் சொல்லைக் கேட்போரிடத்தேயாம்.

ஆகவே, சமநிலை வாய்ந்த ஒற்றனைப் படைக்க முனைவோர், அவர் நாடகம் எழுதுவோராயினும் மேசையில் ஆடுவோராயினும், ஆறு பண்புகளோடு மேலும் இரண்டு வினாக்களை எழுதிக்கொள்ளுதல் நன்று. இவன் யாருடைய கோலத்தை இரவல் வாங்கினான்? இவன் சொல்லை யார் ஒத்துப்பார்ப்பர்? முதல் வினாவிற்கு விடையாக, அவன் வணிகனாய்ப் புகுந்து வென்ற ஊரில் அடுத்த வணிகனுக்குக் கதவு திறவாதிருக்கட்டும். இரண்டாம் வினாவிற்கு விடையாக, அவன் செய்தி தவறாகிப் பிறர் துன்புறவும் கதையில் இடமிருக்கட்டும். பகடை உருட்டும் இளைஞர் இவற்றை எண்ணிப் பழகுவாராயின், பிறிதொரு நாள் ஒருவனை உளவாளி என்று எவரேனும் சுட்டும்போது, இரண்டாம் சொல்லையும் மூன்றாம் சொல்லையும் கேட்கத் தயங்கார்.